ஹீட்டர் சுவிட்ச் சுவரின் எந்தப் பக்கம்

அம்மாவின் இடது கை ஒரு புரட்டாசிக் காலையில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தபோது பேச்சு முழுசாகத் திரும்பியிருந்தது. கால் முக்கால்வாசி திரும்பியிருந்தது. கை மட்டும் திரும்பவில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார், எழுபத்தெட்டு வயதில் இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பதை நல்ல வார்த்தைகளாகப் பார்த்துச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நானே குளிச்சிக்கலாமா?"

உட்கார்ந்து குளிக்கலாம், வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது என்றார் டாக்டர். அம்மா முதல் இரண்டு வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பத்து நாளும் ஒரு நர்ஸ் ஈரத்துணியால் அவளைத் துடைத்துவிட்டாள். அதைப் பற்றி அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் என் மனைவி நல்ல மனசோடு அவளுடனேயே குளியலறைக்குள் போனாள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த அம்மா, தலை துவட்டக்கூட நிற்காமல் நேரே என்னிடம் வந்தாள். "உன் பொண்டாட்டி நல்லவ. நாளைக்கி வர வேணாம்னு சொல்லிடு" என்றாள். மருமகளிடம் நேராகச் சொன்னால் மனம் புண்படும் என்பதற்காக நடுவில் நான். நான் எவ்வளவோ சுற்றி வளைத்துச் சொன்னேன். உள்ளே அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபோதே தனக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஆக, வீட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. அம்மாவுக்குக் கை வராவிட்டாலும் பரவாயில்லை. தன் உடம்பைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை அவள் அடுப்பில் குண்டானில் தண்ணீர் சுடவைத்துத் தூக்கிக்கொண்டு போவாள். ஒற்றைக் கையால் அது நடக்காது. எனவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஷவரைக் கையில் பிடித்துக் குளிக்கிற மாதிரி ஒரு ஹீட்டர் வாங்கினேன். தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சுடவைக்கிற பெரிய வகை இல்லை. சோப்புப் பெட்டி போலச் சின்னது. தண்ணீர் அதற்குள் ஓடும்போதே சூடாகி வரும். அதனால் குளித்து முடிக்கும்வரை கரண்ட் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் அடுத்த நிமிஷமே மேல்தொட்டியில் இருக்கிற தண்ணீர் இருக்கிறபடியே வந்து விழும்.

ஹீட்டரை எங்கே மாட்டுவது என்பதில் தகராறு இல்லை. அதன் சுவிட்சை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு.

என்னைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நான் எழுதிப் பிழைப்பவன். பத்திரிகைகளில் சிரிக்கவைப்பது என் தொழில், சிரிக்காதவர்களுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை. என் கையில் ஒரு டெஸ்டரைக் கொடுத்தால் அதைச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொள்வேன். ஆனால் எந்த விஷயத்தையும் படித்துவிட முடியும் என்ற நம்பிக்கை உண்டு. மூன்று நாள் படித்தேன். குளிர் தேசங்களில் சுவிட்சைக் குளியலறைக் கூரையிலேயே வைத்து, கீழே ஒரு கயிறு தொங்கவிடுகிறார்கள். ஈரக்கை கயிற்றைத்தான் தொடும், சுவிட்சைத் தொடாது. இந்த ஞானத்தை எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன்.

எலக்ட்ரீஷியன் என் வயதுக்காரர். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் கிராமம், கொஞ்சம் நிலம் உண்டு. நடவு, அறுப்பு நாட்களில் போன் எடுக்க மாட்டார். மற்ற நாட்களில் எங்கள் சாரம் பகுதியில் பாதி வீட்டுக்கு அவர்தான் வயரிங். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"இங்க கடையில கெடைக்காது சார். கெடைச்சாலும் அந்தக் கயித்துல துணி காயப்போட்டுடுவாங்க" என்றார்.

பிறகு அவர் யோசனை சொன்னார். அம்மாவின் அறைக்குள்தான் குளியலறைக் கதவு இருக்கிறது. அந்தக் கதவுக்கு வெளியே, அறைப் பக்கத்துச் சுவரில், அம்மா கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துவிடலாம். தண்ணீர் தெறிக்காது. இரண்டு வயரையும் ஒரே தட்டில் துண்டிக்கிற பெரிய சுவிட்ச், உள்ளே சிவப்பு விளக்கோடு. அம்மாவே போட்டுக்கொண்டு போவார், வந்து அணைத்துக்கொள்வார்.

எனக்கு அது சரிப்படவில்லை. ஈரத்தோடு வெளியே வந்து ஈரக்கையை வைத்துவிட்டால்? எதிர்வீட்டு சொல்தா என் பக்கம் சேர்ந்தார். பிரான்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கத்திய பென்ஷனோடு வந்தவர், எதற்கும் 'அங்கெல்லாம்' என்றுதான் ஆரம்பிப்பார். அங்கெல்லாம் குளிக்கிறவன் கை எட்டுகிற தூரத்தில் சுவிட்சே வைக்க விடமாட்டார்களாம். தன் கையை நீட்டிக் காண்பித்தார், நல்ல நீளமான கை. நான் அறையிலிருந்து சுவிட்சை வெளியேற்றி, கூடத்துச் சுவரில், மெயின் போர்டுக்குப் பக்கத்தில், ஐந்தரை அடி உயரத்தில் வைக்கச் சொன்னேன். கூடத்தில் சிவப்பாக எரிந்தால் எல்லோர் கண்ணிலும் படும், யாரும் மறக்க மாட்டோம் என்றேன். இதை நானே சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் குளிக்கணும்னா யார கேக்கணும்?"

"கேக்கவே வேணாம்மா. ஒரு குரல் குடு, நாங்க போட்டுடுவோம்."

அவள் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். என் அம்மாவின் 'சரி'யைப் படிப்பதற்கு எனக்கு ஐம்பத்து மூன்று வருஷம் அவகாசம் இருந்தது. நான் அந்த மூன்று நாளும் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் நன்றாகப் போயிற்று. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஏழு மணிக்கு அம்மா குரல் கொடுப்பாள், அவள் சுவிட்சைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள், ஏழரைக்குக் கிளம்பிவிடுவாள். நான் ஏழேகாலுக்கு எழுவேன். அம்மா குளித்து வந்து, ஒற்றைக் கையால் தலை சீவி, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு நிதானம் தெரிந்தது.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு இருமல் வந்தது. மழைக்கு எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டோம். மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட ஒரு நாள், என் மனைவி காப்பியைக் கையில் கொடுக்கும்போது அம்மாவின் விரல்களைத் தொட்டிருக்கிறாள். ஐஸ் மாதிரி இருந்தது என்று என்னைக் கூப்பிட்டாள். தண்ணீர் சூடாகத்தானே வருகிறது என்று கேட்டேன்.

"பாதில பச்சத் தண்ணியாயிடுது. பரவால்ல" என்றாள் அம்மா.

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, மழை ஆரம்பித்ததிலிருந்து என்றாள். பத்து நாள். ஏன் சொல்லவில்லை என்று நான் சத்தம் போட்டேன். அவள் காப்பியைக் குடித்தாள்.

எலக்ட்ரீஷியன் வந்தார். சுவிட்சைப் போட்டார், தண்ணீரைத் திறந்தார், ஆவி பறந்தது. ஒரு குறையும் இல்லை என்றார். மறுநாளும் பாதியில் பச்சைத் தண்ணீர். மறுபடி கூப்பிட்டேன். நடவு நாள், மழை வேறு. சேறு காயாத காலோடு வந்தார். காலைக் கழுவிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, கால் மணி நேரம் ஷவரைக் கையில் பிடித்தபடி இருந்தார். "என் கை வெந்துடும் போலருக்குது சார். ஹீட்டருல ஒண்ணும் இல்ல" என்றார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். வேலை தெரிந்தவர்களைக் கூப்பிடாதது என் தப்பு என்றேன். அவர் பையை மூடிக்கொண்டு மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று மாலை ஹீட்டர் விற்ற கடைக்கு ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதினேன். ஒரு முதியவளின் முதுகில் விழுந்த குளிர்நீரைப் பற்றி நான் எழுதிய அந்த உரைநடையை இப்போது படித்தாலும் எனக்கே கண் கலங்கும். அனுப்பவில்லை, இன்னும் மெருகேற்ற வேண்டியிருந்தது.

அதற்குள் இருமல் நெஞ்சுக்கு இறங்கிக் காய்ச்சலாகிவிட்டது. தெருமுனை டாக்டர் மார்பில் குழல் வைத்துக் கேட்டார். சரியாகும்வரை குளிக்கவே கூடாது, வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுங்கள் என்றார்.

எது வேண்டாம் என்று அம்மா சுற்றிச் சுற்றி வந்தாளோ அதுவே வந்து சேர்ந்தது. ஒன்பது நாள். என் மனைவி காலையில் லோட்டாவும் துணியுமாக உள்ளே போவாள், நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பேன். ஒரு நாள் கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஊசி போடும்போது குழந்தைகள் மூடிக்கொள்வார்களே, அப்படி. என் மனைவியும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கை மட்டும் வேலை செய்ய, ஏதோ கடைத்தெரு விலைவாசி பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

காய்ச்சல் விட்டு நான்கு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றாள் அம்மா. அதற்கும் சரிப்படாவிட்டால் நீங்களே துடைத்துவிடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றாள். இந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஏழேகாலுக்கு எழுந்தபோது மறந்திருந்தேன்.

அன்று என் மனைவி அடுக்களை வாசலில் நின்று மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, குதிகால் வலிக்காக வாங்கிய வீட்டுச் செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்தபடி, பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனேன். தலைக்குள் ஒரு கட்டுரையின் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க" என்றாள் மனைவி. "இப்ப என்ன பண்ணீங்க?"

"பேப்பர் எடுக்கப் போறேன்."

"கால் பேப்பர் எடுக்கப் போச்சி. கை என்ன பண்ணிச்சி?"

நான் என் வலது கையைப் பார்த்தேன். அது எதையோ முடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஷவர் சத்தம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டில் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஆள் இல்லாத இடத்தில் விளக்கு எரியக் கூடாது. அறைக்கு அறை போய் அணைத்துக்கொண்டே வருவார். சிந்திக் கிடக்கிற சோற்றைப் பார்க்கிற மாதிரிதான் எரிகிற விளக்கைப் பார்ப்பார். அவர் போய் நான்கு வருஷமாகிறது. அவருடைய பொறுமையோ கைத்திறமையோ எனக்கு வரவில்லை. இது மட்டும் தோள்பட்டையிலிருந்து விரல்வரை அப்படியே வந்திருக்கிறது. கூடத்தில் சும்மா எரிகிற எதையும் நான் அறியாமல் என் கை அணைத்துவிடும். வெயில் நாளில் கண்ணில் படாத அந்தச் சிவப்பு, மழை இருட்டில் பட்டிருக்கிறது. ஒரு தடவை ஃபிரிட்ஜையும் அணைத்திருக்கிறேன்.

சுவிட்சைத் திரும்பப் போட்டேன். பேப்பர் எடுக்கவில்லை. அம்மா வெளியே வரும்வரை அவள் அறைக் கதவுக்கு எதிரில் நின்றேன். கதவைத் திறந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"அம்மா, ஹீட்டர்ல ஒண்ணும் இல்ல. நான்தாம்மா..."

"தெரியும்டா."

"எப்பலருந்து?"

"ரெண்டாவது நாளே. உன் செருப்பு சத்தம் வரும். டக்குனு ஒரு சத்தம். அப்புறம் தண்ணி பச்சயாயிடும். உங்கப்பன் நட."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். என் மனைவி போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"கூப்ட்டா கதவத் தெறந்துகினு வருவீங்க. அப்புறமா சொன்னா, நீ தெனமும் கதவாண்ட வந்து நின்னுகினு, அம்மா சூடா இருக்குதா, அம்மா சூடா இருக்குதான்னு கேட்டுகினே இருப்பே. அதுக்குப் பச்சத் தண்ணி தேவல."

பிறகு அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். மில்லில் மெஷின் நின்றுவிட்டால் அப்பா உள்ளே கைவிட்டு வேலை பார்ப்பார். அதற்கு முன்னால் போர்டுக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவர் மட்டும் இல்லை, அங்கே எல்லா ஃபிட்டரும் அப்படித்தான். மேஸ்திரி கேட்டாலும் தரமாட்டார்கள். சில நாள் மறதியாக வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார், சட்டை துவைக்கும்போது அம்மா கையில் அகப்படும்.

"உள்ள இருக்கறது யாரு ஒடம்போ, அவன் பையிலதான் ஃபியூசு இருக்கணும்னு சொல்லுவாரு. நீ என் ஃபியூச கொண்டும்போயி கூடத்துல மாட்டி வச்சிட்ட."

அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது அணைக்கிற பாதி மட்டும். ஃபியூஸ் பாதி அம்மாவிடம் இருந்தது.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். எடுத்தார். மன்னிப்பைக் கொஞ்சம் நீளமாகவே கேட்டேன், தொழில் தோஷம். அவர் நடுவில் நிறுத்தி, விடுங்க சார், திங்கட்கிழமை வர்றேன் என்றார். திங்கட்கிழமை வந்து, கூடத்துப் பெட்டியைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"வயர டெஸ்ட் பண்ணேன், ஹீட்டர டெஸ்ட் பண்ணேன். வூட்டுக்காரர டெஸ்ட் பண்ணணும்னு தோணல."

சுவிட்ச் அவர் முதலில் சொன்ன இடத்துக்கே போனது. அம்மாவின் அறைக்குள், குளியலறைக் கதவுக்கு வெளியே, வலது பக்கம். உயரத்தை அவர் டேப்பால் அளக்கவில்லை. அம்மாவை அங்கே நிற்கச் சொல்லி, வலது கையைச் சும்மா தூக்கச் சொல்லி, விரல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே ஒரு கொக்கி அடித்து, இதில் ஒரு காய்ந்த துண்டு எப்போதும் தொங்க வேண்டும், கையைத் துடைத்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும் என்றார். அம்மா ஒரு தரம் செய்து காட்டினாள். எர்த்தையும் மின்கசிவு கண்டால் தானே விழுந்துவிடுகிற பிரேக்கரையும் இன்னொரு தடவை சோதித்துக் காட்டினார். அது எனக்காக.

மிச்சம் இருந்தது என் பயம். உள்ளே அவள் விழுந்துவிட்டால்? தாழ்ப்பாள் போடக் கூடாது என்றேன். அறைக் கதவைச் சாத்தித்தான் ஆகணும் என்றாள் அம்மா. சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். இதற்கும் விடை எலக்ட்ரீஷியனிடம் இருந்தது. கூடத்தில் பழைய சுவிட்ச் இருந்த ஓட்டை காலியாகத்தானே இருக்கிறது, அங்கே ஒரு சின்ன விளக்கு மட்டும் வைத்து ஹீட்டர் லைனோடு சேர்த்துவிடுகிறேன், அம்மா சுவிட்சைப் போட்டால் இங்கே எரியும், அணைத்தால் அணையும்.

"இதுல அமத்தறதுக்கு ஒண்ணும் கெடையாது சார். பாக்கறது மட்டும்தான்."

அம்மா இதற்கு ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "தாப்பா போடல. அது எரிஞ்சிகினு இருந்தா யாரும் உள்ள வரக்கூடாது. அர மணி நேரம் தாண்டி எரிஞ்சா வா. அதுக்கு முன்னாடி வந்தே, அதோட குளிக்கறத வுட்டுடுவேன்."

முதல் நாள் காலை நான் ஆறரைக்கே எழுந்து, கூடத்தில் நாற்காலியை விளக்குக்கு எதிரில் போட்டுக்கொண்டேன். செருப்புப் போடவில்லை. ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை, எந்தக் குரலும் வரவில்லை, சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வந்தது. ஷவர் சத்தம் ஆரம்பித்தது. என் மனைவி அடுக்களைக்குப் போகும்போது என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

இருபதாவது நிமிஷம் உள்ளே ஏதோ விழுந்தது. பிளாஸ்டிக் சத்தம்தான், ஜக்காக இருக்கலாம். ஸ்டூலாகவும் இருக்கலாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். அறைக் கதவுவரை நாலு எட்டு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷவர் சத்தம் நிற்கவில்லை. அம்மா கூப்பிடவில்லை, கூப்பிட மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். கடிகாரத்தில் இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இருபத்தாறாவது நிமிஷம் தண்ணீர் நின்றது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒற்றைக் கையால் துவட்டவும் ரவிக்கை போடவும் எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் அதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்போது யோசித்தேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

விளக்கு அணைந்தது.

கொஞ்சம் கழித்துக் கதவு திறந்தது. அம்மா ஈரத்தலையோடு வந்து, என் நாற்காலியையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் சூட்டில் சிவந்திருந்தது.

"ஜக்குதான் வுழுந்துது" என்றாள். "போயி பேப்பர எடு."